ரெட் லேக் ஏரியின் வால்ஐ மீன்: மூடியதும் திறந்ததும் இனி வருவதும்

துளையிலிருந்து மேலே வந்த மீனை அளவுகோல் மேல் கிடத்தினேன். பதினேழரை அங்குலம். வாளியில் ஏற்கனவே ஒரு பெரிய மீன் கிடந்தது. பதினேழு அங்குலத்துக்கு மேல் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்பது அந்த ஏரியில் விதி. விளக்கு வெளிச்சத்தில் அதன் கண் வெண்ணிறமாகப் பளபளத்தது, இருட்டில் பூனைக்கண் மின்னுவதைப் போல. தலையைக் கீழாகப் பிடித்துத் துளைக்குள் விட்டேன். தேநீர் நிறத் தண்ணீரில் ஒரு கணம் நின்றது. அப்புறம் வாலை ஒரே அடி அடித்து மறைந்தது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தின் வடக்கே, மேல் ரெட் லேக் ஏரியின் மேல் இரண்டடி கனமான பனிக்கட்டி. அதன்மேல் வாடகைக்கு எடுத்த மரக்குடிசை. மினியாபொலிஸிலிருந்து ஐந்து மணி நேரம் காரோட்டி இந்த மீனுக்காக வருகிறார்கள். வருகிற எல்லோருடைய கேள்வியும் ஒன்றுதான்: "இந்த வருஷம் மீன் எப்படி?" வேறு ஏரியாக இருந்தால் காற்று, குளிர், இரை என்று பேசிப் பதில் சொல்லிவிடலாம். இந்த ஏரியில் அது போதாது. 1990களின் கடைசியில் தொடங்கி 2006 வரை இங்கே ஒரு வால்ஐ மீனைக்கூடச் சட்டப்படி யாரும் வைத்துக்கொள்ள முடியாமல் இருந்தது. அந்த அரை அங்குலத்துக்காக நான் திருப்பி விட்ட மீனுக்கும் அந்த மூடிய ஆண்டுகளுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏரியும் அதன் சொந்தக்காரர்களும்

ரெட் லேக் உண்மையில் இரண்டு ஏரிகள். வடக்கே மேல் ஏரி, தெற்கே கீழ் ஏரி, நடுவில் ஒரு குறுகிய கால்வாய் போன்ற இணைப்பு. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 2,88,000 ஏக்கர், அதாவது 1,170 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முழுக்க மின்னசோட்டாவுக்குள்ளேயே அடங்கிய இயற்கை ஏரிகளில் இதுவே பெரியது. பரப்புதான் பெரிது, ஆழம் கிடையாது. மேல் ஏரியில் பல இடங்களில் மூன்று நான்கு மீட்டருக்குள் தரை தட்டிவிடும். சுற்றிலும் சதுப்பு நிலம் என்பதால் தண்ணீர் பழுப்பாக, கலங்கலாக இருக்கும். கோடையில் காற்று அடித்தால் மேலிருந்து கீழ்வரை முழுத் தண்ணீரும் புரண்டுவிடும். கீழ் ஏரியின் மேற்கில் புறப்படும் ரெட் லேக் ஆறு, ரெட் ஆற்றோடு சேர்ந்து கனடாவுக்குள் வின்னிபெக் ஏரிக்குப் போகிறது.

இந்த ஏரியின் பெரும்பகுதி ரெட் லேக் ஓஜிப்வே என்ற பழங்குடி மக்களுடையது. கீழ் ஏரி முழுவதும் அவர்களுடையது. மேல் ஏரியிலும் மேற்குப் பக்கம் அவர்களுடையதே. கிழக்குப் பக்கம் ஏறத்தாழ 48,000 ஏக்கர் மட்டும் மின்னசோட்டா மாநிலத்தின் கையில் இருக்கிறது. வெளியாட்கள் தூண்டில் போடக்கூடிய இடமும் அது ஒன்றுதான்.

இந்தக் கோடு எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1889இல் நடந்த நிலப் பேச்சில், ஏரி முழுவதும் எங்களுக்கு வேண்டும் என்றுதான் ரெட் லேக் தலைவர்கள் நின்றார்கள். வரைபடம் வந்தபோது மேல் ஏரியின் குறுக்கே கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டுக்குத் தாங்கள் ஒருபோதும் ஒப்பவில்லை என்று அவர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். நிலத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொரு பங்காகப் பிரிக்கும் அன்றைய அரசின் திட்டத்தையும் அவர்கள் ஏற்கவில்லை. அதனால் இன்றைக்கும் அங்கே நிலம் பொதுச் சொத்து. நூறு ஆண்டு கழித்து வலையைச் சுருட்டும் முடிவை எல்லோரும் சேர்ந்து எடுக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. ஏரியைத் தன் பங்கு, உன் பங்கு என்று பார்த்துப் பழகாதவர்கள் அவர்கள்.

மீனைப் பற்றிக் கொஞ்சம்

வால்ஐ என்று தமிழில் எழுதும்போது வாலுக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு போலத் தோன்றும். அப்படி இல்லை, இது walleye என்ற ஆங்கிலப் பெயர், கண்ணை வைத்து வந்தது. கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. அதனால் மங்கலான வெளிச்சத்தில் இதற்கு மற்ற மீன்களைவிடக் கண் நன்றாகத் தெரியும். பளிச்சென்ற வெயில் பிடிக்காது. கலங்கல் தண்ணீர், அந்திப் பொழுது, காற்றில் அலையடிக்கும் நாள், இவைதான் இதன் வேட்டை நேரம். ஓஜிப்வே மொழியில் இதன் பெயர் ஓகா. கனடாவில் பிக்கரெல் என்று விற்பார்கள். வெள்ளைச் சதை, முள் குறைவு, கவிச்சி அவ்வளவாகக் கிடையாது.

பனி உருகியதும், தண்ணீர் ஐந்து முதல் பத்து டிகிரி வரும்போது, ஆற்று முகங்களிலும் கூழாங்கல் கரைகளிலும் முட்டையிடும். பெண் மீனின் எடையில் கிலோவுக்கு ஐம்பதாயிரம் முட்டைக்கு மேல். முட்டையை விட்டதோடு சரி. காவல் காப்பதில்லை, கூடு கட்டுவதில்லை. குஞ்சு பொரிக்கும்போது ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. அந்த வசந்தத்தில் குளிர் திரும்ப வந்தாலோ, புயல் அடித்து முட்டையைச் சேற்றில் புதைத்தாலோ, குஞ்சு வாய் திறக்கும் நாளில் நுண்ணிரை இல்லாமல் போனாலோ அந்த வருஷத்துப் பிறப்பு முழுவதும் போய்விடும். எல்லாம் கூடி வந்த வருஷத்தில் ஒரு பெரும் பட்டாளமே பிறக்கும். ஆகவே இந்த மீனின் ஏரியில் எந்த வருஷமும் அடுத்த வருஷத்தைப் போல இருக்காது. ஒரு நல்ல பிறப்பு ஐந்தாறு ஆண்டுகளுக்குச் சோறு போடும். நடுவில் வரும் ஏழெட்டு மோசமான வசந்தங்களையும் கடந்து நிற்க, வெவ்வேறு வயதுள்ள தாய் மீன்கள் ஏரியில் இருக்க வேண்டும். ரெட் லேக்கில் குறைந்தது அந்தத் தாய் மீன்கள்தான்.

வலை வெறுமையான விதம்

முதல் உலகப் போர்க்காலத்தில், 1917இல், உணவுத் தட்டுப்பாட்டுக்கு மீன் என்று சொல்லி மாநில அரசுதான் இங்கே வணிக மீன்பிடிப்பைத் தொடங்கியது. ரெட்பி என்ற கரை ஊர்வரை ரயில் பாதை இருந்தது. பிடித்த மீனை ஐஸ் போட்டு ஏற்றி அனுப்பலாம். 1929இல் ஓஜிப்வே மீனவர்கள் தங்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் அந்த ஊர்களில் மீன்தான் கைக்காசு. வேறு தொழில் அதிகமில்லாத இடத்தில் செவுள்வலையும் படகும் இருந்தால் குடும்பம் ஓடிவிடும்.

எத்தனை பவுண்டு பிடிக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் சிக்கல் அந்த வரம்புக்குள்ளேயே இருந்தது. ஏரியில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று வருஷா வருஷம் பார்த்து ஏற்றி இறக்கிய எண் அல்ல அது. மீன் பெருகிய ஆண்டிலும் அதே எண், தேய்ந்த ஆண்டிலும் கிட்டத்தட்ட அதே எண். அதற்கு வெளியே கள்ளச் சந்தை. பின்வாசல் வழியாக விற்ற மீன் எந்தக் கணக்கிலும் வரவில்லை. மாநிலப் பக்கத்தில் தூண்டில்காரர்களும் தங்கள் பங்குக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதில் பழியை ஒரு பக்கம் மட்டும் போடுவதை நான் ஏற்க மாட்டேன். ஏரிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும்தான் கை நீண்டது.

தேய்வு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு நல்ல வருஷத்தில் பிறந்த கூட்டம் நான்கைந்து வயதில் வலைக்கண்ணிக்கு ஏற்ற அளவுக்கு வளர்கிறது. பெண் மீன் முதல் சினை பிடிக்கும் வயதும் ஏறத்தாழ அதுதான். வலை முந்திக்கொண்டால் ஒரு முறைகூட முட்டையிடாமலே அது கரையேறிவிடும். வலை கனமாக வரும்போது மீனவனுக்கும் அதிகாரிக்கும் ஏரி செழிப்பாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அந்தக் கனம் முழுவதும் ஒரே வயதுக் கூட்டம். அது தீர்ந்ததும் பின்னால் யாரும் இல்லை. 1990களின் நடுவில் ரெட் லேக்கில் அப்படித்தான் தீர்ந்தது. முன்பு கரையேறிய எடையோடு ஒப்பிட்டால் கடைசி ஆண்டுகளில் வந்தது ஒரு சிட்டிகை.

சுருட்டிய வலை

1997இல் மீனவர் கூட்டுறவுச் சங்கமே வணிக மீன்பிடிப்பை நிறுத்துவது என்று முடிவு செய்தது. யாரும் வழக்குப் போடவில்லை, உத்தரவு போட்டும் நிறுத்தவில்லை. அந்த மீனை நம்பிச் சாப்பிட்டவர்களே நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு வீட்டுத் தேவைக்குப் பிடிப்பதும் நின்றது. அதற்கு அடுத்த ஆண்டு, 1999இல், மாநிலமும் தன் பக்கத்தில் வால்ஐ மீன் பிடிப்பதற்குத் தடை போட்டது. இந்த வரிசை முக்கியம். இழப்பதற்கு அதிகம் இருந்தவர்கள் முதலில் நின்றார்கள். விடுமுறைக்கு வந்து பிடிப்பவர்களின் அரசு அவர்களுக்குப் பின்னால் வந்தது. இதை எழுதும்போது எனக்குள் மரியாதை கூடிக்கொண்டே போகிறது. மாதச் சம்பளக்காரன் ஒரு பொழுதுபோக்கை விடுவதும், வலையை நம்பிய வீடு வலையை விடுவதும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடியவை அல்ல.

அந்த 1999ஆம் ஆண்டில் ரெட் லேக் ஓஜிப்வே அரசு, மின்னசோட்டா இயற்கை வளத்துறை, கூட்டரசின் பழங்குடி விவகார அலுவலகம் மூன்றும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எல்லைக் கோட்டுச் சண்டையை அங்கே யாரும் தீர்க்கவில்லை. தீர்க்கப் பார்க்கவும் இல்லை. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு மீனை மட்டும் பேசினார்கள். மீன் தேறும்வரை இரண்டு பக்கமும் பிடிக்கக் கூடாது, இரண்டு பக்கத்துக் காவலர்களும் கண்காணிக்க வேண்டும், குஞ்சு விட வேண்டும், இரண்டு பக்கத்து உயிரியலாளர்களும் உட்காரும் ஒரு தொழில்நுட்பக் குழு எண்ணிக்கையைப் பார்த்துச் சொன்ன பிறகே திறக்க வேண்டும்.

குஞ்சு விட்டது 1999, 2001, 2003 ஆகிய மூன்று ஆண்டுகளில். மொத்தம் பத்துக் கோடிக்கு மேல். பொரித்து ஓரிரு நாளான குஞ்சுகள், ஒவ்வொன்றும் கொசுப் புழு அளவு. இவற்றை ஏரியில் விடும் முன் ஆக்சிடெட்ராசைக்ளின் கரைத்த தண்ணீரில் சில மணி நேரம் வைத்திருந்தார்கள். அந்த மருந்து குஞ்சின் எலும்பிலும் செவிக்கல்லிலும் படிந்து ஓர் அடையாளமாக நின்றுவிடும். செவிக்கல் என்பது மீனின் தலைக்குள், காதுப் பகுதியில் இருக்கும் குருணை போன்ற சின்னக் கல். பின்னால் பிடித்த மீனின் தலையிலிருந்து அதை எடுத்து, மெல்லியதாகத் தேய்த்து, புற ஊதா ஒளி போட்ட நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். நடுவில் மஞ்சளாக ஒரு வளையம் ஒளிர்ந்தால் அது கையால் விட்ட குஞ்சு. ஒளிராவிட்டால் ஏரியிலேயே பிறந்தது. விட்டோம், மீன் பெருகியது, ஆகவே நாம் விட்டதுதான் பெருகியது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லாமல் ஒவ்வொரு கல்லாகத் தேய்த்துப் பார்த்த பொறுமை இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது.

குஞ்சு விட்ட ஆண்டுகளின் பிறப்பில் பெரும்பகுதி மஞ்சள் வளையக்காரர்கள்தான். ஏரியில் தாய் மீனே இல்லாதபோது வேறு எப்படி இருக்கும்? ஆனால் இதைவைத்துக் குஞ்சு விட்டதால் ஏரி பிழைத்தது என்று முடித்துவிடக் கூடாது. பத்துக் கோடிக் குஞ்சு விட்டு, வலையும் தூண்டிலும் அப்படியே ஓடியிருந்தால் அவையும் நான்கு வயதில் கரையேறியிருக்கும். 1999இல் விட்ட குஞ்சுக்கு வளர்ந்து, சினை பிடித்து, தானே முட்டையிடும் வரை யாரும் தொடாத ஆண்டுகள் கிடைத்தன. 2003க்குப் பிறகு குஞ்சு விடவே தேவைப்படவில்லை. விடப்பட்டவை பெற்ற பிள்ளைகள் ஏரியை நிரப்பத் தொடங்கிவிட்டன.

இடையில் ஒரு விஷயம். வால்ஐ இல்லாத அந்தக் காலத்தில் ஏரியில் கறுப்புக் கிராப்பி மீன் பெருகியது. இரையைத் தின்ன வேண்டியவனும் குஞ்சை வேட்டையாட வேண்டியவனும் இல்லாத இடத்தில் அது தட்டையும் தடியுமாகக் கொழுத்தது. அந்தச் சில ஆண்டுகள் கிராப்பிக்காகவே பனிக்காலத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். கரையில் விடுதிக்காரர்களின் பிழைப்பு அதனால் ஓடியது. வால்ஐ திரும்பியதும் கிராப்பிக் காலம் முடிந்தது. அதற்காக ஏங்குகிற பழைய ஆட்களும் உண்டு.

திறந்த பிறகு

2006 மே மாதம் ஏரி திறந்தது. பத்து ஆண்டு ஆகலாம் என்று நினைத்தது முதல் குஞ்சு விட்ட ஏழாம் ஆண்டிலேயே நடந்தது. ரெட் லேக் மக்களின் இந்த மீட்புப் பணிக்கு அதே ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பழங்குடி ஆட்சி விருதும் கிடைத்தது.

திறந்தார்கள், ஆனால் விட்டுவிடவில்லை. தொடக்கத்தில் மாநிலப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டே மீன். 17 அங்குலத்திலிருந்து 26 அங்குலம் வரை, அதாவது 43 முதல் 66 சென்டிமீட்டர் வரை, எந்த மீனாக இருந்தாலும் திருப்பி விட வேண்டும் என்பது அன்றைய விதி. அந்த அளவுக்குள் இருப்பவைதான் தாய் மீன்கள். மொத்த வரம்பை ஏக்கருக்கு மூன்றரை பவுண்டு என்று வைத்தார்கள். 48,000 ஏக்கருக்கு 1,68,000 பவுண்டு, கிலோ கணக்கில் எழுபத்தாறாயிரம். தூண்டில்காரர்களைக் கரையில் கேட்டுக் கணக்கெடுப்பார்கள். செப்டம்பரில் குறிப்பிட்ட இடங்களில் சோதனை வலை போட்டு எத்தனை மீன், என்ன வயது, எத்தனை பெண் என்று எண்ணுவார்கள். அதைப் பார்த்து அடுத்த பருவத்தின் விதியை எழுதுவார்கள். இந்த ஏரியின் விதி அடிக்கடி மாறுகிறது என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதுதான் நம்பிக்கை தருகிறது. பழைய வரம்பு மாறாததால்தானே ஏரி ஒருமுறை காலியானது.

ஓஜிப்வே பக்கத்தில், திறந்தபோது பழைய செவுள்வலைக்குத் திரும்பவில்லை. தங்கள் மக்கள் தூண்டிலில் பிடித்து வரும் மீனை ரெட்பியில் உள்ள மீன் ஆலை எடை போட்டு வாங்கியது. ஆலைக்கு மீன் வந்து சேர நேரம் பிடிக்கும், செலவும் கூடும். ஆனால் ஒவ்வொரு பவுண்டும் கணக்கில் ஏறும்.

சில ஆண்டுகள் கழித்து யாரும் அவ்வளவாக எதிர்பாராத ஒரு கேள்வி எழுந்தது: தாய் மீன் அளவுக்கு மேல் பெருகிவிட்டால் என்ன செய்வது? பெரிய மீன்களைத் தொடக் கூடாது என்று காத்ததில் ஏரி பெரிய மீன்களால் நிரம்பியது. தாய் அதிகமானால் பிள்ளை அதிகமாகும் என்றுதான் நமக்குத் தோன்றும். வால்ஐ மீனில் ஓர் எல்லை வரைக்கும்தான் அது சரி. அதைத் தாண்டினால் பெரிய மீன்களே இரையைத் தின்று தீர்க்கும், தன் இனத்துக் குஞ்சையும் தின்னும், வளர்ச்சியும் மந்தமாகும். ஆகவே 2015இல் திட்டத்தைத் திருத்தினார்கள். ஏக்கருக்கு எத்தனை பவுண்டு சினை மீன் இருக்கிறது என்பதை முன்னால் வைத்து, அது தேவைக்கு மேல் இருந்தால் பிடிப்பைத் தளர்த்துவது, குறைந்தால் இறுக்குவது. நான் அளந்த பதினேழு அங்குல விதி அந்தத் தளர்வின் பிள்ளை. முன்பு 17 முதல் 26 வரை ஒன்றுகூடக் கூடாது. இப்போது பதினேழுக்கு மேல் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்து ஏரியில் நடந்தது

ரெட் லேக்கிலிருந்து தெற்கே வந்தால் மில் லாக்ஸ் ஏரி. அதுவும் 1,30,000 ஏக்கருக்கு மேல் பரந்த, வால்ஐ மீனுக்குப் பெயர்போன ஏரி. 1999 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1837 ஒப்பந்தப்படி ஓஜிப்வே மக்களுக்கு அங்கே மீன் பிடிக்கும் உரிமை இன்றும் உண்டு என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ரெட் லேக்கில் இரண்டு பக்கமும் ஒரே மேசையில் கையெழுத்திட்ட அதே ஆண்டு. தீர்ப்பு நியாயமானது, உரிமை அவர்களுடையதுதான். ஆனால் வழக்கில் வளர்ந்த கசப்பு கரையில் தங்கிவிட்டது. பின்னால் மீன் குறைந்தபோது அந்தக் கசப்பே முதலில் பேசியது.

குறைந்ததற்குக் காரணம் வலை மட்டும் என்று சொல்ல முடியாது. அந்த ஏரியின் தண்ணீர் பல ஆண்டுகளாகத் தெளிந்துகொண்டே வந்தது. 2005இல் வரிக்குதிரைச் சிப்பி அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. விரல் நகம் அளவுள்ள, கோடு போட்ட இந்தச் சிப்பி தண்ணீரை வடிகட்டி நுண்ணிரையைத் தின்னும். தண்ணீர் கண்ணாடி போலாகும். பார்க்க அழகு. மங்கலில் வாழும் வால்ஐ மீனுக்கோ இருப்பிடமே சுருங்குகிறது. குஞ்சு பொரித்தது, ஆனால் இரண்டு மூன்று வயதைத் தாண்டவில்லை. 2015இல் பருவத்தின் நடுவிலேயே வால்ஐ பிடிப்பு நிறுத்தப்பட்டது. 2016இல் பிடித்ததையெல்லாம் திருப்பி விடும் நிலை வந்தது. அண்மை ஆண்டுகளில் கொஞ்சம் தேறியிருக்கிறது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2019இல் மேல் ரெட் லேக் தண்ணீரிலும் அந்தச் சிப்பியின் நுண்புழு இருப்பது உறுதியானது.

இனி எப்படி?

முதலில் நல்லது. ஏரியில் இப்போது ஒரே வயதுக் கூட்டம் அல்ல, பல வயது மீன்கள் இருக்கின்றன. ஒரு மோசமான வசந்தம் வந்தால் தாங்கும். ரெட் லேக்கின் ஆழமற்ற, சத்து மிகுந்த கலங்கல் தண்ணீர் இந்த மீனுக்கென்றே ஊற்றி வைத்தது போன்றது. சதுப்பின் பழுப்பு நிறம் வடிகட்டினால் போகிற அழுக்கு அல்ல, தண்ணீரிலேயே கரைந்திருப்பது. அதனால் மில் லாக்ஸ் அளவுக்கு இங்கே தெளிந்துவிடாது என்று நான் நினைக்கிறேன். ஆனால் நுண்ணிரை குறைவது வேறு விஷயம், அதற்கு நிறம் காவல் இல்லை. பொரித்த குஞ்சின் முதல் வாய்ச் சோறு அதுதான். எனவே வரும் ஆண்டுகளில் முதல் கோடையைத் தாண்டும் குஞ்சின் எண்ணிக்கையைத்தான் நான் கவனிப்பேன். பெரிய மீன் எத்தனை மாட்டியது என்ற கரைப் பேச்சை அல்ல. பெரிய மீன் மாட்டுவது ஏழெட்டு ஆண்டுக்கு முந்திய நல்ல வசந்தத்தின் செய்தி. இன்றைய வசந்தம் எப்படி என்று அது சொல்லாது.

அடுத்தது பனிக்காலம். மேல் ஏரியில் பிடிபடும் மீனில் பெரும்பங்கு பனிக்கட்டியின் மேல் உட்கார்ந்து பிடித்ததுதான். ஆழமில்லாத ஏரி சீக்கிரம் உறையும். மின்னசோட்டாவில் முதல் பனிக்கட்டிக்கு ஏங்குகிறவர்கள் எல்லோரும் நவம்பர் கடைசியில் இங்கேதான் ஓடி வருகிறார்கள். கையில் சோனார் கருவி, இழுவை வண்டியில் சூடான குடிசை, போன வாரம் மீன் கடித்த இடத்தின் துல்லியமான புள்ளி எல்லாம் இருக்கிறது. தரை முழுக்கச் சமதளம் என்பதால் மீன் ஒளிந்துகொள்ள மேடு பள்ளம் கிடையாது. கூட்டம் கூட்டமாக அலையும். ஒருவர் கண்டுபிடித்தால் நூறு துளை விழும். ஒரு நல்ல பனிக்காலம் அந்த வருஷத்து வரம்பை எளிதாகத் தொட்டுவிடும். ஆளுக்கு எத்தனை என்ற எண் இத்தனை ஆண்டில் இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையே ஏறி இறங்கியதற்கு இதுதான் காரணம்.

பனிக்கட்டியே இப்போது நம்பிக்கையாக இல்லை. 2022 நவம்பர் 28ஆம் தேதி இந்த ஏரியில் பனிக்கட்டி கரையிலிருந்து பிரிந்து நகர்ந்தது. ஏறத்தாழ இருநூறு பேர் அதன்மேல் மாட்டிக்கொண்டார்கள். எல்லோரையும் மீட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் கடைசியில் மறுபடியும் நூறு பேருக்கு மேல். 2023-24 பனிக்காலம் மின்னசோட்டாவில் பதிவான பனிக்காலங்களிலேயே மிகவும் வெதுவெதுப்பானது. பருவம் சுருங்கினால் அந்த ஆண்டு மீன் குறைவாகப் பிடிபடும், ஏரியில் கூடுதலாக மிஞ்சும். மீனுக்கு ஓய்வுதான். ஆனால் குறுகிய பருவத்தில் அவசரம் கூடும். அவசரக்காரர்கள் மெல்லிய பனிக்கட்டியில் கால் வைப்பார்கள். நான் சொல்வேன்: முதல் பத்து நாளை விட்டுவிடுங்கள். மீன் எங்கும் போகாது.

போகிறவர்களுக்குக் கைக்குதவும் சில விஷயம். பருவத்தின் தொடக்கத்தில் கரையோரம், இரண்டு மீட்டர் தண்ணீரிலேயே மீன் நிற்கும். ஜனவரிக்குப் பிறகு உள்ளே நகர்ந்து மூன்றரை, நான்கு மீட்டரில் தேட வேண்டும். பழுப்புத் தண்ணீரில் வெள்ளி நிறம் சரியாக எடுபடாது. தங்க நிறம், ஆரஞ்சு, கொஞ்சம் கிலுகிலுக்கும் உலோக ஜிக், அதாவது கொக்கி வைத்த போலி இரை. முனையில் இரை மீனின் தலை மட்டும். சூரியன் மரத்துக்குக் கீழே இறங்கிய முக்கால் மணி நேரம்தான் நேரம். அதற்கு முன் மூன்று மணி நேரம் ஒன்றும் கடிக்காவிட்டால் இடம் மாற்றாமல் உட்காருங்கள். வால்ஐ பருவம் பிப்ரவரி கடைசியில் மூடி மே நடுவில் திறக்கும். நடுவில் உள்ள வாரங்கள் அது முட்டையிடுகிற காலம். எல்லைக் கோட்டைத் தாண்டாதீர்கள். ஓஜிப்வே பக்கத்துத் தண்ணீர் நமக்கு உரியது அல்ல, பனிக்கட்டியின்மேல் கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்.

ஆழமற்ற தண்ணீரிலிருந்து வரும் மீன் என்பதால் திருப்பி விட்டது பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் கடுங்குளிரில் குடிசைக்கு வெளியே தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தால் கண்ணும் செவுளும் உறையத் தொடங்கிவிடும். அளவுகோலைத் துளையின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்த மாலையில் மொத்தம் ஐந்து பெரிய மீன் அளந்தேன். ஒன்று வாளிக்கு, நான்கு துளைக்கு. நான்கில் ஒன்றின் வயிறு அப்போதே கனத்திருந்தது. ஏப்ரலில், மேல் ஏரியில் வந்து சேரும் டாமராக் ஆற்றின் முகத்தில் பனி விலகும்போது அது அங்கே போய்ச் சேரும்.